வெள்ளிமலைக்குப் போய்ச் சேராத 2.10

போன வாரம் நான் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, என் பழைய வேலையை இப்போது பார்க்கும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள்: "புரோகிராம் ஒழுங்கா ஓடினா போதாதா மேடம்? பேக்கேஜுக்கு இன்னா நம்பர் வச்சா இன்னா?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டேன். உண்மையில் அதற்கு நின்றபடி பதில் சொல்ல எனக்கு வராது. உட்கார்ந்து எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

நான் பொறுப்பில் இருந்தபோது எங்கள் அறக்கட்டளைக்கு ஒன்பது சிகிச்சை மையங்கள். மலையில் நான்கு, கீழே எலவனாசூர்கோட்டை, களமருதூர் என்று ஐந்து. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி லினக்ஸ் கம்ப்யூட்டர், அதில் ஒரே ஒரு முக்கியமான புரோகிராம். குழந்தையின் வயது, எடை, மருந்தின் பெயர் மூன்றையும் கொடுத்தால் எத்தனை மில்லி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள் அச்சடித்துத் தரும். அந்தத் தாளை அம்மாக்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

புரோகிராமை எழுதுவது முருகேசன். அதை மெஷினில் நிறுவ ஏற்ற ஒரே பொதியாக, பேக்கேஜாகக் கட்டி, எண் வைத்து, கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் இருக்கும் சர்வரில் ஏற்றுவது நான். மையங்களில் இருப்பவர்கள் திரையில் 'புதுசு பார்' என்ற பட்டனை அழுத்தினால் போதும். அங்கே இருக்கும் எண்ணையும் சர்வரில் இருக்கும் எண்ணையும் கம்ப்யூட்டர் ஒப்பிடும். சர்வரில் இருப்பது பெரியதென்றால் இறக்கிக்கொள்ளும். இல்லையென்றால் 'புதியது எதுவும் இல்லை' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். முழு ஏற்பாடும் அந்த ஒப்பீட்டை நம்பித்தான் நடந்தது.

அப்போது எல்லா மையங்களிலும் 2.9 ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது 2.10. கள்ளக்குறிச்சி அலுவலகக் கட்டடத்திலேயே நோயாளிகளைப் பார்க்கும் எங்கள் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, 2.9-ஐ விட 2.10 கம்மி இல்லியா? பின்னாடி போறீங்களா?" என்று கேட்டார். புள்ளிக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் ஓர் எண், ஒன்பதுக்கு அடுத்தது பத்து என்று விளக்கினேன். எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் அப்போது கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

2.10-ல் முருகேசன் கணக்குப் போடும் பகுதியையே மாற்றி எழுதியிருந்தார். அதனால் எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மையத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்க முடிவு செய்தோம். "நான் பாக்கறேங்க" என்று முன்வந்தது வெள்ளிமலை நர்ஸ் அலமேலு. அந்த மலையிலேயே பிறந்து, கீழே வந்து படித்து, மறுபடி மலைக்கே வேலைக்குப் போனவர். முருகேசன் அந்தச் சோதனைப் பதிப்புக்கு 2.10rc1 என்று பெயர் வைத்தார். வெளியிடத் தயாராக இருக்கும் முதல் நகல் என்பதற்கு அப்படி எழுதுவது வழக்கம். அவர் வைத்த பெயரை அப்படியே பேக்கேஜின் எண்ணாகப் போட்டு வெள்ளிமலைக்கு மட்டும் அனுப்பினேன்.

பத்து நாளில் அலமேலுவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நம்மகிட்ட காய்ச்சல் மருந்து ரெண்டு பாட்டில் இருக்கு இல்ல? ஒண்ணு லேசு, ஒண்ணு ஸ்ட்ராங்கு. நான் ஸ்ட்ராங்கு போட்டாலும் லேசுக்கு உண்டான அளவத்தான் காட்டுது. டபுளா வருது. நான் கையால கணக்குப் போட்டுத்தான் குடுத்துக்கினு இருக்கேன். சீக்கிரம் பாருங்க."

முருகேசன் அன்றைக்கே தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். சோதனை செய்வது இதற்குத்தானே என்று எங்கள் இருவருக்கும் சந்தோஷம். சரிசெய்ததை 2.10 என்ற இறுதிப் பதிப்பாகக் கட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை சர்வரில் ஏற்றினேன். ஒவ்வொரு மையமாகப் போன் செய்தேன். எட்டு மையங்கள் 2.9-லிருந்து 2.10-க்கு மாறின. கடைசியாக வெள்ளிமலை.

"பட்டன அழுத்திட்டேங்கா. புதுசு ஒண்ணும் இல்லன்னு வருது."

"அப்ப உங்ககிட்ட ஏற்கெனவே வந்துடுச்சும்மா. சரியாயிடுச்சு. நீங்க நிம்மதியா லீவுக்குப் போங்க."

அவருடைய தம்பிக்குக் கல்யாணம். புதன் முதல் மூன்று நாள் விடுப்பு. அவருக்குப் பதிலாக எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு சிஸ்டர் அன்று மாலையே மலைக்குப் போனார். "கம்ப்யூட்டர்ல ஒரு பிரச்சினை இருந்தது, இப்ப சரி பண்ணிட்டோம்" என்று அவருக்கும் நானே போன் செய்து சொன்னேன். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்கே தெரியாத ஒன்றை இரண்டு பேரிடம் உறுதியாகச் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அலமேலு போன் செய்தார்.

"அக்கா, அதே தாளுதான் வருது."

"எதும்மா?"

"வந்ததும் சும்மா ஒரு கொழந்த பேர் போட்டு அடிச்சுப் பாத்தேன். பன்னெண்டு கிலோ, ஸ்ட்ராங்கு பாட்டிலு. பழையபடி டபுளாத்தான் காட்டுது."

"பழைய தாள் எதையாவது பாத்துக்கினு இருக்கப் போறீங்க."

"இப்பதாங்கா அடிச்சேன். தாளு இன்னும் சூடா இருக்கு."

அப்போதுதான் செவ்வாய்க்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "ஸ்கிரீன்ல கீழ ஓரத்துல இன்னா நம்பர் போட்டிருக்கு, படிங்க."

"ரெண்டு புள்ளி பத்து. அப்புறம் ஒட்டினாப்ல ஆர் சி ஒண்ணு."

போனைப் பிடித்தபடியே அதை ஒரு தாளில் எழுதினேன்: 2.10rc1.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் இரண்டு எண்களையும் இடமிருந்து வலமாக ஒப்பிடும். 2.10 வரை இரண்டும் ஒன்றுதான். அதற்கு அப்புறம் ஒன்றில் எதுவும் இல்லை, மற்றதில் rc1 இருக்கிறது. எதுவும் இல்லாததைவிட ஏதோ ஒன்று இருப்பது பெரியது என்று அது எடுத்துக்கொள்ளும். rc என்றால் சோதனை நகல், இறுதிப் பதிப்புக்கு முந்தியது என்பதெல்லாம் நமக்குள் இருக்கும் பேச்சு. மெஷினுக்கு அது இரண்டு எழுத்து. ஆக, தவறான பதிப்பை வைத்திருந்த வெள்ளிமலை மெஷின், சரியான பதிப்பைப் பார்த்து, 'நீ என்னைவிடப் பழசு' என்று ஒதுக்கிவிட்டது. பிழையைக் கண்டுபிடித்துச் சொன்ன மையத்துக்கு மட்டும் திருத்தம் போகவில்லை.

இப்போது நான் செய்த அடுத்த தவறையும் சொல்ல வேண்டும். போனை வைத்துவிட்டு நேராக முருகேசன் மேசைக்குப் போனேன். இரண்டு பேரும் திரையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அந்த எண்களை எப்படி ஏமாற்றுவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

"முன்னாடி ஒண்ணு போட்டு ஒரு முக்காற்புள்ளி வச்சிடலாம் மேடம். எபோக். எந்த நம்பரா இருந்தாலும் அது ஜெயிச்சிடும்" என்றார் முருகேசன்.

"வேணாம், இங்கேருந்தே லைன்ல போய் அந்த மெஷின்ல வலுக்கட்டாயமா 2.10 போட்டுடறேன்" என்றேன் நான்.

"மலை லைன் நடுவுல அறுந்துச்சுன்னா மெஷினே எழுந்திரிக்காது மேடம்."

இப்படியே இருபது நிமிடம் போயிருக்கும். டாக்டரம்மா ஏதோ கேட்க உள்ளே வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். நம்பரில் ஒரு சிக்கல் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"நம்பர் கெடக்கட்டும்மா. நாலு நாளா அங்கேருந்து எத்தினி தாளு வெளிய போயிருக்கு?"

அதைக் கேட்க வேண்டும் என்றே எங்கள் இருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. நாங்கள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தாள் போன வீடுகளைப் பார்த்தார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. இன்றைக்கும் ஏதாவது உடைந்துபோனது என்று போன் வந்தால் முதலில் அதுதான் எனக்கு நினைவுக்கு வரும். உடைந்ததை நம்பி யார் கையில் என்ன போயிருக்கிறது?

உடனே அலமேலுவுக்குப் போன் செய்தேன். மன்னிப்பெல்லாம் அப்புறம் என்று வைத்துக்கொண்டு மூன்று விஷயம் சொன்னேன்: அந்தப் புரோகிராமை மூடிவிடுங்கள், கையால் கணக்குப் போடுங்கள், செவ்வாய் மாலை முதல் போன தாள்களின் பட்டியலைப் படியுங்கள். அவர் நிதானமாகப் படித்தார். பதினேழு தாள். அதில் ஸ்ட்ராங்கு பாட்டில் கொடுத்தது மூன்று குழந்தைகளுக்கு.

"ரெண்டு பேரு இங்க வெள்ளிமலையிலதாங்கா. நானே நடந்து போய்ப் பாத்துட்டு வரேன். மூணாவது உள்ள இருக்கிற ஊரு. பொண் கொழந்த, மூணு வயசு. நேத்து மத்தியானம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. நம்ம ஜீப்ப அனுப்பறேன்."

ஒரு மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுப்போய் மருந்தே கொடுக்கவில்லை. இன்னொன்றுக்கு ஒரே ஒரு வேளை, குழந்தை தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறது. ஜீப்பில் போனவர் அந்த ஊரிலிருந்து அலமேலுவுக்குப் போனில் சொன்னது: மூன்றாவது குழந்தைக்குத் தாளில் இருந்தபடி நான்கு வேளை கொடுத்திருந்தார்கள். நான்கும் இரட்டிப்பு அளவு. டாக்டரம்மா போனை வாங்கி, குழந்தை விழித்திருக்கிறதா, சாப்பிட்டதா, வாந்தி எடுத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "பயப்பட வேணாம். ஆனா கீழ கூட்டிக்கினு வந்துடு. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார்.

ஜீப் அந்த ஊரிலிருந்து வெள்ளிமலை வந்து, அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டிக் கள்ளக்குறிச்சி வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். அதுவரை சும்மா இருக்க முடியாது. எண் விஷயத்தை அப்போதுதான் கையில் எடுத்தேன். முருகேசன் சொன்ன எபோக்கைப் போட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. கை அவசரப்படுத்தியது. ஆனால் அந்த வாரம் ஏற்கெனவே ஒரு முறை தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்திருக்கிறேன். அதனால் லினக்ஸ் பேக்கேஜ் கட்டுபவர்கள் மின்னஞ்சலில் கூடும் ஒரு மடலாடல் குழுவுக்கு, நடந்ததை மறைக்காமல் எழுதிக் கேட்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. எழுதியவர் எந்த நாடு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெயருக்குப் பதிலாக இரண்டு எழுத்து மட்டும் போட்டிருந்தார். அவர் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: 'எபோக் போட வேண்டாம். ஒரு முறை போட்டால் திரும்ப எடுக்க முடியாது. இந்தப் பேக்கேஜ் இருக்கும்வரை ஒவ்வொரு பதிப்பிலும், உங்களுக்குப் பின்னால் வருபவர்களும் அதைச் சுமக்க வேண்டும். உங்கள் தவறு ஒரு மெஷினில்தான் இருக்கிறது. அதே நிரலை 2.10.1 என்று கட்டி அனுப்புங்கள். 2.10rc1-ஐ விட 2.10.1 பெரியது. நான் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், என்னை நம்பாமல் நீங்களும் பாருங்கள். இனிமேல் சோதனைப் பதிப்பென்றால் rc-க்கு முன்னால் ஓர் அலைக்கோடு போடுங்கள். எண்ணில் எதுவுமே இல்லாததைவிடச் சின்னது அது ஒன்றுதான். குழந்தை நன்றாக இருக்கிறதா என்று எழுதுங்கள்.'

2.10~rc1. அந்த ஒரு நெளிகோடு இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே எல்லாம் முடிந்திருக்கும். இந்த விதி எங்கேயோ எழுதித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். எபோக்கைப் பற்றி அவர் சொன்னதில் 'உங்களுக்குப் பின்னால் வருபவர்கள்' என்ற இடத்தில் நின்றேன். அவர் சொன்னது உங்களைத்தான். இன்றைக்கு நீங்கள் எந்த முன்னொட்டும் இல்லாமல் சுத்தமான எண் வைக்கிறீர்கள் என்றால் அது அந்த முகம் தெரியாத மனிதரால்.

என் மேசை மெஷினில் பழைய rc1-ஐ நிறுவி, 2.10.1-ஐக் கொடுத்து, அது ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்தேன். ஏறியது. தாள் அடித்தேன். அளவு சரி. முருகேசனையும் ஒரு தாள் அடிக்கச் சொன்னேன். பிறகுதான் சர்வரில் ஏற்றினேன்.

இரண்டரை மணிக்கு ஜீப் வந்தது. அலமேலு முன்னால் இறங்கினார். பின்னால் ஒரு சின்ன வயதுப் பெண், இடுப்பில் குழந்தை. குழந்தை விழித்துத்தான் இருந்தது. வழியெல்லாம் வளைவு, அதனால் முகம் வாடியிருந்தது. ரத்தம் எடுக்கும்போது வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு டாக்டரம்மா, "நல்லா அழுவுது, நல்லது" என்றார்.

முடிவு வர இரண்டு மணி நேரம் ஆகும். வராந்தாவில் இருந்த பெஞ்சில் அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லாமல் இருந்துவிடலாம். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் தாளில் இருந்த அளவைத் தான் தவறாகப் படித்துவிட்டோமோ என்று அவர் அலமேலுவிடம் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"நீ சரியாத்தான் படிச்சம்மா. தாளுலதான் தப்பு. அந்தத் தப்பு என்னோடது. மெஷின்ல நான் வச்ச நம்பரால வந்தது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்ல. கம்ப்யூட்டர் பாக்கறவ."

அவர் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "எங்க வூட்டுக்காரரு கரும்பு வெட்டப் போயிருக்காரு. எனக்குப் படிக்கத் தெரியும்னுட்டுதான் அவரு தைரியமா போனாரு" என்றார். பிறகு, "மீதி மருந்து அரை பாட்டில் இருக்குதே. ஊத்திடட்டுமா, வச்சிக்கட்டுமா?" என்று கேட்டார்.

நான் அலமேலுவைக் கூப்பிட்டேன். அலமேலு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, பாட்டில் மூடியை வாங்கி, சரியான அளவு வரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். "இன்னிக்கு வேணாம். நாளைக்கு டாக்டர் சொன்னா இந்தக் கோடு வரைக்கும் ஊத்து. அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம்." அந்த அம்மா மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

நான்கரை மணிக்கு முடிவு வந்தது. ஒரு குறையும் இல்லை. குழந்தை அதற்குள் ஒரு பன்னை முழுதாகத் தின்றுவிட்டு அலமேலுவின் அடையாள அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன். அந்தக் குழுவில் பதில் எழுதியவருக்கு ஒரே வரி எழுதினேன்: 'குழந்தை நன்றாக இருக்கிறாள்.' அவரும் ஒரே வரி திருப்பி எழுதினார்: 'அப்படியானால் இன்றைக்கு நல்ல நாள்.'

மறுநாள் ஞாயிறு. காலை பஸ்ஸில் நானே வெள்ளிமலைக்குப் போனேன். பட்டனை அலமேலு அழுத்தினார், நான் பக்கத்தில் நின்றேன். 2.10.1 இறங்கியது. இந்த முறை 'சரியாயிடுச்சு' என்று நான் சொல்லவில்லை. அவர் மூன்று எடைக்கு, இரண்டு பாட்டிலுக்கும், ஆறு தாள் அடித்து, கையால் கணக்குப் போட்டு ஒவ்வொன்றிலும் டிக் போட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்குங்கா" என்று சொன்னார். அதற்கு அப்புறம் நான் வேலையில் இருந்தவரை ஒவ்வொரு பதிப்பும் அலைக்கோட்டோடுதான் மலை ஏறியது. அலமேலு தாள் அடித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கோட்டை எடுத்தேன்.

உங்களுக்குச் சொல்ல இன்னும் ஒன்று பாக்கி. ஒவ்வொரு பேக்கேஜோடும் ஒரு மாற்றக் குறிப்பு போகும், எந்தப் பதிப்பில் எது ஏன் மாறியது என்று. 2.10.1-க்கு அந்தச் சனிக்கிழமை நான் எழுதியது: 'சோதனைப் பதிப்புக்குத் தவறான எண் வைத்ததால் வெள்ளிமலைக்கு 2.10 போய்ச் சேரவில்லை. தவறு என்னுடையது. கண்டுபிடித்தவர் வெள்ளிமலை நர்ஸ்.' ஞாயிறு மதியம் சாமைச் சோறு போட்டுக்கொண்டே அலமேலு அதைத் திரையில் காட்டச் சொன்னார். மெதுவாகப் படித்தார்.

"நர்ஸுன்னு போட்டிருக்கீங்க. எனக்குப் பேரு இல்லியா?"

"அய்யோ, அவசரத்துல எழுதினதும்மா."

"அப்ப இப்ப மாத்துங்க. இனிஷியல் போட்டு."

மாற்றுவது சுலபம். ஒரு வரி, இரண்டு நிமிடம். ஆனால் அதற்குள் ஒன்பது மையங்களிலும் 2.10.1 ஏறிவிட்டது. வெளியே போன எண்ணுக்குள் இருப்பதை அப்புறம் மாற்றினால், ஒரே எண்ணில் இரண்டு விதமான பேக்கேஜ் ஊரில் இருக்கும். அன்றைக்குப் பட்ட பாட்டுக்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூட அப்படி மாற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. அதை அவரிடம் விளக்கினேன்.

"அப்ப அடுத்த நம்பர் போடுங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை போட்டேன். பழைய பதிப்புகளின் பட்டியலை நீங்கள் புரட்டினால் 2.10.2 என்று ஒன்று இருக்கும். புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறாமல் அது ஏன் வெளிவந்தது என்று உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பலமுறை என்னைக் கேட்டிருக்கிறார்கள். திறந்து பாருங்கள். ஒரே ஒரு வரி, 'கண்டுபிடித்தவர்: சி. அலமேலு, வெள்ளிமலை.'